படகுப் போலீசின் தந்தை ஜான் ஹாரியட்

பெரிய துறைமுகம் எதுவானாலும் அங்கே போலீஸ் படகு சுற்றிக்கொண்டிருக்கும். கப்பலில் ஏறுகிறவர் யார், இறங்குகிறவர் யார், இருட்டில் கப்பலை ஒட்டி நிற்கும் தோணியில் என்ன இருக்கிறது என்று அந்தப் படகு கவனித்துக்கொண்டே இருக்கும்.

இங்கிலாந்தில் சம்பளப் போலீஸ்காரர்களைப் படகில் ஏற்றி, ஒரு மாநகரத்தின் துறைமுகத்தை இரவு பகலாகக் காவல் காக்க வைத்தது 1798-ஆம் ஆண்டில். இடம் லண்டன். நதி தேம்ஸ். அந்தத் திட்டத்தைத் தீட்டியவர் ஜான் ஹாரியட்.

அவர் போலீஸ்காரர் அல்ல. மாலுமியாக இருந்தார், சிப்பாயாக இருந்தார், மது வியாபாரம் செய்தார், விவசாயம் செய்தார். எதுவும் கடைசிவரை கைகொடுக்கவில்லை. நம் சென்னை ராஜதானியில் கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்தில் வேலை பார்த்து, காலில் குண்டு வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர் அவர். 53-வது வயதில்தான் அவர் பெயர் நிலைக்கும்படியான காரியம் அமைந்தது.

அந்தக் காரியத்தால் துறைமுகத்தில் திருட்டு குறைந்தது. அதனாலேயே ஒரு தொழிலாளி தூக்கு மேடை ஏறவும் நேர்ந்தது. ஷிப்டு முடிந்து சுரங்க வாசலில் சோதனைக்கு வரிசையில் நின்றவர்களின் ஊரான தங்கவயலில் இந்தக் கதையைப் படிப்பவர்களுக்கு, அதன் இரண்டு பக்கமும் எளிதில் விளங்கும்.

கடலுக்குப் போன சிறுவன்

1745-ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில், கிரேட் ஸ்டாம்பிரிட்ஜ் என்ற கிராமத்தில் ஹாரியட் பிறந்தார். கடலை ஒட்டிய ஊர். மீசை முளைக்கும் முன்பே கடற்படைக் கப்பலில் சேர்ந்துவிட்டார்.

பிளிமத் துறைமுகத்துக்கு வெளியே உள்ள பாறைகளில் அவருடைய கப்பல் மோதி உடைந்தது. உயிர் தப்பினார். 1762-ல் கியூபாவின் ஹவானா நகரை பிரிட்டிஷ் படை பிடித்தபோது அந்தச் சண்டையிலும் இருந்தார். அப்போது அவருக்கு 17 வயது. சண்டை ஓய்ந்ததும் வியாபாரக் கப்பல்களில் வேலை தேடிக்கொண்டு பல நாடுகளைச் சுற்றினார்.

1768-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாளத்தில் வேலை கிடைத்தது. சென்னை ராஜதானிக்கு வந்து சேர்ந்தார்.

கம்பெனி அப்போது புதிதாக வட சர்க்கார் மாவட்டங்களைக் கைப்பற்றியிருந்தது. இன்றைய ஆந்திரத்தின் கடலோரப் பகுதி அது. அங்கிருந்த ராஜாக்களும் ஜமீன்தார்களும் கம்பெனிக்குச் சுலபத்தில் அடங்கவில்லை. கப்பம் கேட்டால் கோட்டைக் கதவை மூடினார்கள். பட்டாளம் போனால் காட்டுக்குள் போய்விட்டார்கள்.

ஹாரியட் அங்கே சிப்பாய் வேலை மட்டும் பார்க்கவில்லை. ஆள் பற்றாக்குறை காரணமாகப் பாதிரியார் வேலையையும் பார்த்தார். பட்டாளத்துக் கோர்ட்டில் சட்ட அதிகாரிக்குத் துணை அதிகாரியாகவும் இருந்தார். பிற்காலத்தில் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்தபோது இந்த அனுபவம் கைகொடுத்திருக்க வேண்டும்.

அடங்க மறுத்த ஒரு ராஜாவின் மீது படையெடுத்துப் போனபோதுதான், திரி வைத்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கியின் குண்டு அவர் காலில் பாய்ந்தது. பலத்த காயம். பட்டாள வாழ்க்கை அத்துடன் முடிந்தது. சுமத்ரா தீவு, ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனை என்று சுற்றிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார்.

கடலோடு மல்லுக்கட்டு

ஊரில் கப்பல் இன்சூரன்ஸ் தொழில் செய்து பார்த்தார். மது வியாபாரம் செய்து பார்த்தார். பிறகு எஸ்ஸெக்சில் நிலம் வாங்கி விவசாயத்தில் இறங்கினார்.

அங்கே ரஷ்லி என்று ஒரு தீவு. தீவு என்று பெயர்தானே தவிர, அலை ஏறினால் தண்ணீருக்குள் போய்விடும் சதுப்பு நிலம் அது. யாரும் அதைச் சீந்தவில்லை. ஹாரியட் அதைச் சுற்றி மண் கரை எழுப்பினார். 1781, 1782-ஆம் ஆண்டுகளில் இந்த வேலை நடந்தது. கடல் தண்ணீர் உள்ளே வராமல் தடுத்து, உப்பு மண்ணைப் பக்குவப்படுத்திப் பயிர் செய்தார். லண்டனில் உள்ள கலைகள் சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது.

பதக்கம் வீட்டில் இருந்தது. அதிர்ஷ்டம் வீட்டில் தங்கவில்லை. 1790-ல் அவருடைய பண்ணை வீட்டில் தீப்பிடித்தது. மறு ஆண்டே கடல் பொங்கி வந்து கரையை உடைத்தது. பத்து ஆண்டு உழைப்பு உப்புத் தண்ணீரில் போயிற்று.

கடன்காரர்கள் கழுத்தைப் பிடிக்காமல் கருணை காட்டினார்கள். அவர் அமெரிக்காவுக்குப் போய் அங்கே பிழைக்கப் பார்த்தார். அதுவும் ஒத்துவரவில்லை. 1795-ல் லண்டனுக்குத் திரும்பினார். வயது 50. கையில் பெரிதாக ஒன்றும் இல்லை.

ஒரு வேலை பறிபோனால் இன்னொன்று, அதுவும் போனால் மற்றொன்று என்று அலைந்த மனிதர் அவர். சும்மா உட்கார மட்டும் தெரியவில்லை. கப்பலில் தண்ணீர் இறைக்கும் பம்பைத் திருத்தி அமைத்தார். தீ விபத்தில் மாடியிலிருந்து ஆட்களை இறக்கும் சாதனம் ஒன்றையும் செய்தார். தன் வீடே எரிந்ததைக் கண்டவர் அல்லவா!

காவல் இல்லாத துறைமுகம்

அன்றைய லண்டன் துறைமுகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இன்றைக்கு இருப்பது போல் சுவர் கட்டிய கப்பல் துறைகள் அப்போது அங்கே இல்லை. கப்பல்கள் நதியின் நடுவிலேயே நங்கூரம் போட்டு நின்றன. வரி கட்ட வேண்டிய சரக்குகளை இறக்கச் சட்டப்படி 20 படித்துறைகள்தான் இருந்தன. அந்த 20-க்காகக் கப்பல்கள் வாரக்கணக்கில் காத்துக் கிடந்தன. சரக்கைத் தட்டையான தோணிகளில் மாற்றி, தோணியிலிருந்து கரைக்குக் கொண்டுவர வேண்டும். இந்த இடைவெளியில்தான் திருட்டு நடந்தது.

மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து சர்க்கரை வந்தது. ரம் சாராயமும் காப்பியும் வந்தன. சர்க்கரை மிடாக்களின் மூடியை உடைத்து, கருப்புச் சாயம் தோய்த்த பைகளில் அள்ளிக்கொண்டு போனார்கள். கருப்புப் பை இருட்டில் தெரியாது. கப்பல் அதிகாரிக்கு முன்கூட்டியே பணம் போய்விடும். அவர் அந்த இரவு நன்றாகத் தூங்குவார்.

இது இரவுக் கூட்டம். பகல் கூட்டம் வேறு. சரக்கு இறக்கும் தொழிலாளர்களில் சிலர், சட்டைக்கு உள்ளே பெரிய பைகள் தைத்த உடுப்பைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார்கள். வரும்போது ஒல்லியாக வருவார்கள், போகும்போது பருத்துப் போவார்கள். தண்ணீர் வற்றும் நேரத்தில் கப்பலின் அடியில் சேற்றில் துழாவும் சிறுவர்களும் கிழவர்களும் உண்டு. மேலிருந்து விழும் சிறு மூட்டைகளை எடுத்து மறைப்பது அவர்கள் வேலை. அவர்களுக்கு சேற்றுக் குருவிகள் என்று பெயர். வாங்குவதற்குக் கரையெல்லாம் கடைகள் இருந்தன.

ஆனால் இதையெல்லாம் திருட்டு என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது. சரக்கு இறக்குகிறவனுக்குக் கூலி மிகக் குறைவு. சில கப்பல்களில் கூலியே வாங்காமல் வேலைக்கு வந்தவர்களும் உண்டு. ஏன் என்று முதலாளிக்கும் தெரியும். தளத்தில் சிந்திக் கிடக்கும் சர்க்கரையைக் கூட்டி எடுத்துக்கொள்வதும், நிலக்கரி இறக்குகிறவன் வேலை முடிந்து போகும்போது வீட்டு அடுப்புக்குக் கொஞ்சம் கரி கொண்டுபோவதும் பரம்பரை வழக்கம் என்றே அவர்கள் நினைத்தார்கள். பணக்கூலி ஒரு பாதி, வழக்கம் மறுபாதி. முதலாளிகள் அந்த மறுபாதியைத் திருட்டு என்றார்கள்.

அந்தச் சர்க்கரை எங்கிருந்து வந்தது? ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுபோன அடிமைகள் கரும்புத் தோட்டங்களில் கூலி இல்லாமல் பாடுபட்டு உண்டாக்கியது. பிரிட்டன் அடிமை வியாபாரத்தை ஒழித்ததே 1807-ல்தான். அதையும் கணக்கில் சேர்த்தால் யார் பொருளை யார் எடுத்தார்கள் என்ற கேள்வி சிக்கலாகிவிடும். அந்தக் காலத்தில் அதைக் கணக்கில் சேர்த்தவர்கள் குறைவு.

இரண்டு பேர் சேர்ந்தார்கள்

ஹாரியட்டுக்கு நதி தெரியும், கப்பல் தெரியும், மாலுமியின் தந்திரமும் தெரியும். 1797-ல் அவர் ஒரு திட்டம் எழுதி, உள்துறை மந்திரியாக இருந்த போர்ட்லண்ட் பிரபுவுக்கு அனுப்பினார். நதிக்கென்று தனிப் போலீஸ், தனி மாஜிஸ்திரேட்டு, காவல் படகுகள் என்பது அந்தத் திட்டம். உடனே பலன் கிடைக்கவில்லை. பணமும் செல்வாக்கும் இல்லாதவர் எழுதிய திட்டம்தானே!

செல்வாக்கு உள்ளவர் ஒருவர் துணைக்கு வந்தார். பேட்ரிக் கோல்குஹூன் என்பது அவர் பெயர். ஹாரியட் பிறந்த அதே 1745-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். கிளாஸ்கோ நகரின் மேயராக இருந்தவர். அந்த நகரத்து வியாபாரிகள் சங்கத்தை 1783-ல் தொடங்கியவர். 1792 முதல் லண்டனில் மாஜிஸ்திரேட்டு. குற்றங்களைப் பற்றியும் போலீஸ் முறை பற்றியும் புத்தகம் எழுதிப் பெயர் பெற்றவர். புள்ளிவிவரம் என்றால் அவருக்கு உயிர்.

நதித் துறைமுகத்தில் வேலை செய்வோர் 33,000 பேர், அவர்களில் 11,000 பேர் குற்றவாளிகள் என்று அவர் கணக்குச் சொன்னார். மூன்றில் ஒருவர் திருடர் என்றால் அது எப்படி எண்ணிய கணக்கோ? வழக்கப்படி எடுத்தவனையும் கொள்ளைக்காரனையும் ஒரே தட்டில் வைத்து எண்ணினால் எண்ணிக்கை ஏறத்தான் செய்யும். ஆனால் மேற்கிந்திய வியாபாரிகள் அந்தக் கணக்கை நம்பினார்கள். அவர்களுக்கு நஷ்டம் கண்கூடு.

ஹாரியட்டின் திட்டமும் கோல்குஹூனின் செல்வாக்கும் ஒன்று சேர்ந்தன. முதலாண்டுச் செலவு 4,200 பவுன். பெரும்பகுதியை வியாபாரிகள் கொடுத்தார்கள். அரசாங்கம் அனுமதி கொடுத்தது. சட்ட அறிஞர் ஜெரமி பெந்தாம் பின்னால் சட்ட மசோதா எழுதிக் கொடுத்தார்.

1798 ஜூலை 2-ந் தேதி வாப்பிங் என்ற இடத்தில், நதிக்கரையிலேயே அலுவலகம் திறந்தார்கள். ஹாரியட் அங்கேயே தங்கியிருக்கும் மாஜிஸ்திரேட்டு ஆனார். கோல்குஹூன் மேற்பார்வை மாஜிஸ்திரேட்டு.

துடுப்புப் படகில் ரோந்து

தொடக்கத்தில் சுமார் 50 பேர் இருந்தார்கள். எஞ்சின் இல்லாத காலம். மேலே கூரை இல்லாத துடுப்புப் படகுகள்தான். ஒவ்வொரு படகிலும் ஒரு சர்வேயர், அவருக்குக் கீழே துடுப்புப் போடும் காவலர்கள். பனி கொட்டினாலும் மழை பெய்தாலும் திறந்த படகில்தான் ரோந்து. நங்கூரம் போட்ட கப்பல்களைச் சுற்றி வருவார்கள். சந்தேகப்பட்ட தோணியை நிறுத்திச் சோதிப்பார்கள்.

படகுகள் பாதி வேலைதான் செய்தன. மறுபாதி கப்பலுக்குள் நடந்தது. சரக்கு இறக்கும் தொழிலாளர்களைப் போலீஸ் அலுவலகமே பதிவு செய்து, குழு குழுவாகக் கப்பல்களுக்கு அனுப்பியது. அவர்களுக்கு இவ்வளவு கூலி என்று நிர்ணயம் செய்தது. கப்பலில் காவலர் நின்று கண்காணித்தார். தொழிலாளி தொளதொளவென்ற உடை போடக்கூடாது, பை வைத்த உள்ளுடுப்பு போடக்கூடாது என்று விதி வந்தது. வேலை முடிந்து இறங்கும்போது சோதனை.

தங்கவயலில் பழைய ஆட்களுக்கு இந்த நடைமுறை புதிதல்ல. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகு வளர்ந்த சுரங்கங்களில் பதிவும் சோதனையும் கடுமையாக இருந்தன. 1930-ல் கைரேகை எடுத்துப் பதிவு செய்யும் முறையை எதிர்த்துத்தான் இங்கே பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. தேம்ஸ் நதியில் 1762-லிருந்தே ஒரு சட்டம் உண்டு. கப்பல் சரக்கு என்று சந்தேகப்படும் பொருள் ஒருவனிடம் இருந்தால், அது எப்படி வந்தது என்று அவன்தான் விளக்கம் சொல்ல வேண்டும். சரியான விளக்கம் இல்லாவிட்டால் அபராதம். ஹாரியட்டின் கோர்ட்டில் பெரும்பாலான வழக்குகள் இந்தச் சட்டத்தின் கீழ்தான் நடந்தன. பொருளை எடுத்ததைக் கண்ட சாட்சி தேவையில்லை. கையில் இருந்தாலே போதும்.

முதலாண்டு முடிவில் 1,22,000 பவுன் மதிப்புள்ள சரக்கு காப்பாற்றப்பட்டதாகக் கணக்குக் காட்டினார்கள். நதியில் விழுந்தவர்கள் பலரையும் போலீஸ் படகு காப்பாற்றியது. 4,200 பவுன் போட்டு இவ்வளவு லாபமா என்று வியாபாரிகள் வாய் பிளந்தார்கள்.

அக்டோபர் 16

அலுவலகம் திறந்து நான்கு மாதம் ஆகவில்லை. 1798 அக்டோபர் 16-ந் தேதி மாலை. நிலக்கரி எடுத்ததாகக் குற்றம் சாட்டி மூன்று பேரை வாப்பிங் கோர்ட்டில் நிறுத்தினார்கள். அவர்களில் ஒருவர் சார்லஸ் அயர்ஸ் என்ற கரி இறக்கும் தொழிலாளி. தலைக்கு 40 ஷில்லிங் அபராதம். கூலித் தொழிலாளிக்கு அது பெரிய தொகை.

அபராதத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்தார் சார்லஸ். வாசலில் அவருடைய அண்ணன் தம்பிகளில் ஒருவரான ஜேம்ஸ் எதிர்ப்பட்டார். அபராதம் கட்டியதாகக் கேட்டதும் ஜேம்சுக்குக் கோபம் தலைக்கேறியது. கட்டிய பணத்தைத் திரும்ப வாங்காமல் விடுவதில்லை என்று கூட்டத்தைத் திரட்டினார். சற்று நேரத்தில் அலுவலகத்தின் எதிரே சுமார் 2,000 பேர் கூடிவிட்டார்கள். பெரும்பாலும் கரி இறக்கும் தொழிலாளர்கள். தெருவில் பதித்திருந்த கற்களைப் பெயர்த்து ஜன்னல்களில் எறிந்தார்கள். கட்டடத்தையே இடித்துத் தள்ளுவது என்று வந்த கூட்டம் அது.

உள்ளே ஹாரியட்டும் கோல்குஹூனும் சில காவலர்களும் இருந்தார்கள். உள்ளேயிருந்து ஒரு காவலர் சுட்டார். கூட்டத்தில் ஒருவர் செத்து விழுந்தார். மாஜிஸ்திரேட்டுகள் வெளியே வந்து, கலவரத் தடைச் சட்டத்தைப் படித்துக் காட்டிக் கூட்டத்தைக் கலைந்து போகச் சொன்னார்கள்.

அந்த இருட்டில் இன்னொரு வெடிச் சத்தம். காவல் வேலையில் இருந்த கேப்ரியல் பிராங்க்ஸ் குண்டு பட்டு விழுந்தார். சரக்கு இறக்கும் குழுத் தலைவராக இருந்து போலீஸ் அலுவலகத்தில் சேர்ந்தவர் அவர். கூட்டத்தில் இருந்தவர்களைப் போலவே நதித் தொழிலாளி. சில நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து உயிர் விட்டார். கடமையில் உயிரிழந்த முதல் பிரிட்டிஷ் போலீஸ்காரர் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள்.

சுட்டது யார்? கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் கூட்டத்தைத் தூண்டியவர் என்று ஜேம்ஸ் அயர்சைப் பிடித்து, 1799 ஜனவரியில் ஓல்டு பெய்லி கோர்ட்டில் கொலை வழக்கு நடத்தினார்கள். அவர் துப்பாக்கியைத் தொட்டதாகச் சாட்சி இல்லை. கலவரத்தைத் தொடங்கியவனே அதில் விழுந்த பிணத்துக்கும் பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. தூக்குத் தண்டனை கிடைத்தது.

40 ஷில்லிங் அபராதத்தில் தொடங்கி மூன்று உயிர்கள் போயின. ஒருவர் போலீஸ். இருவர் தொழிலாளிகள். பிராங்க்சின் பெயர் நினைவுப் பட்டியல்களில் இருக்கிறது. காவலரின் குண்டுக்கு விழுந்தவரைப் பற்றிப் பேசுகிறவர் இல்லை.

அரசாங்கப் போலீஸ்

கலவரத்துக்குப் பிறகும் படகுகள் நிற்கவில்லை. 1800-ல் பாராளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, வியாபாரிகளின் காவல் படையை அரசாங்கப் போலீசாக மாற்றியது. ஹாரியட் வாப்பிங்கிலேயே மாஜிஸ்திரேட்டாகத் தொடர்ந்தார். நகரத்துக்குள் பீல் என்ற மந்திரி பெரிய போலீஸ் படையை அமைத்தது 1829-ல்தான். நதிக்குப் போலீஸ் வந்து 31 ஆண்டுகள் கழித்து!

1802-ல் மேற்கிந்தியச் சரக்குக்கென்று உயரமான மதில் கட்டிய கப்பல் துறை லண்டனில் திறக்கப்பட்டது. அதே 1802-ல்தான் லெப்டினன்ட் ஜான் வாரன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, மைசூர் எல்லையை அளக்க வந்த இடத்தில், உரிகம், மாரிகுப்பம் பக்கத்து ஜனங்கள் மண்ணைக் கழுவித் தங்கம் எடுப்பதைக் கண்டு எழுதி வைத்தார். அன்றைக்கு அந்த ஜனங்களைச் சோதிக்க வாசலில் யாரும் நிற்கவில்லை.

1811 டிசம்பரில் வாப்பிங் அருகே ராட்கிளிப் ஹைவே பகுதியில் இரண்டு வீடுகளில் ஏழு பேர் கொலையுண்டார்கள். கைக்குழந்தையும் அதில் ஒன்று. லண்டனே நடுங்கியது. துப்புத் துலக்க ஆள் இல்லை. ஹாரியட் மேலிடத்தைக் கேட்காமல், துப்புக் கொடுப்பவருக்கு 20 பவுன் பரிசு என்று நோட்டீஸ் அச்சடித்து ஒட்டிவிட்டார். அதிகாரத்தை மீறியதாக உள்துறை மந்திரி அவரைக் கண்டித்தார். குழந்தை செத்துக் கிடக்கும்போது கோப்பு நகரும் வரை காத்திருக்க அந்த 66 வயதுக்காரருக்குப் பொறுமை இல்லை.

தன் வாழ்க்கையை அவரே புத்தகமாக எழுதினார். 1807-ல் வெளிவந்தது. வாழ்க்கை முழுதும் போராட்டம் என்ற பொருள்படும் தலைப்பு. கப்பல் உடைந்தது, சென்னை ராஜதானியில் குண்டு பட்டது, தீவு மூழ்கியது எல்லாம் அதில் இருக்கின்றன.

1816 வரை வேலையில் இருந்தார். உடம்பு நோயில் விழுந்தது. 1817 ஏப்ரலில் லண்டனில் இறந்தார். வயது 71. கோல்குஹூன் மூன்று ஆண்டுகள் கழித்து, 1820-ல் இறந்தார்.

அவர்கள் தொடங்கிய படகுப் படை 1839-ல் லண்டன் மாநகரப் போலீசோடு இணைந்தது. அதற்குப் பிறகும் வெகுகாலம் துடுப்புதான். 1878 செப்டம்பர் 3-ந் தேதி பிரின்சஸ் ஆலிஸ் என்ற உல்லாசக் கப்பல் வேறொரு கப்பலோடு மோதி மூழ்கியது. 600 பேருக்கு மேல் இறந்தார்கள். துடுப்புப் படகுகளால் அவசரத்துக்குப் போய்ச் சேர முடியாது என்பது அன்று தெரிந்தது. அதன் பிறகே போலீசுக்கு நீராவிப் படகுகள் வந்தன. பின்னர் மோட்டார் படகுகள். இன்றைக்கும் லண்டன் நதிப் போலீசின் நிலையம் வாப்பிங்கில்தான் இருக்கிறது, அலுவலகம் கல்லடி பட்ட அதே நதிக்கரையில்.